சொந்தக்காரங்க எடுத்துக்கக் கூடாது

சனிக்கிழமை காலை 6.50, செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன். கும்மிடிப்பூண்டிக்கு டிக்கெட் இருபது ரூபாய். "ரிட்டனா?" என்று கேட்டார் கவுன்டரில் இருந்தவர். "போக ஒண்ணு, வர ரெண்டு குடுங்க" என்றேன். அப்படியெல்லாம் கொடுக்க முடியாது என்று ஒற்றை டிக்கெட்டைத் தள்ளினார். திரும்பும்போது என் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் நான் வீட்டைப் பூட்டியிருந்தேன்.

என் தங்கை ரோஸ்லின், என்னைவிடப் பத்து வயது சின்னவள். ரோசி என்றுதான் கூப்பிடுவோம். ஐந்து வருடத்துக்கு முன் எட்டாம் மாதத்தில் அவளுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. மூன்றே மாதத்தில் அவள் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். அன்றிலிருந்து ரோசி என் வீட்டில். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். காக்களூர் எஸ்டேட்டில் பம்புக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனியில் இருபது வருடமாகச் செக்கிங் வேலை. வேலைக்குப் போகுமுன் ரோசிக்குத் தலை வாரிவிடுவேன், சோறு எடுத்துவைப்பேன், அவள் தூங்கிய பிறகுதான் படுப்பேன். அவள் என்னோடு பேசியது "ம்", "வேணாம்" என்ற இரண்டு வார்த்தைதான். சிரித்தது கிடையாது.

நாலு மாதத்துக்கு முன் கம்பெனியில் ஒருத்தி சொன்னாள். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு வீடு இருக்கிறதாம், மனம் ஒடிந்த பெண்கள் போய்த் தங்குகிறார்களாம், மந்திரம் போட்ட மாதிரி மாறிவிடுகிறார்களாம். பத்து நாள் போய் இரு என்று ரோசியை அனுப்பினேன். பத்து நாள் நாலு மாதமானது. போன வாரம் போன் செய்தேன். பக்கத்தில் யாரோ என்னவோ சொல்ல, ரோசி போனைக் காதில் வைத்தபடியே வாய்விட்டுச் சிரித்தாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். என் வயிறு எரிந்தது. ஐந்து வருடம் சோறு போட்டது நான், சிரிப்பு மட்டும் அவர்களுக்கா?

காலை 7.40, பேசின் பிரிட்ஜ். இங்கே இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாற வேண்டும். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாக பஸ்ஸிலும் போகலாம், தூரம் குறைவுதான். எனக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. ஆகவே கோயிலைச் சுற்றுகிற மாதிரி பட்டணத்தைச் சுற்றிக்கொண்டு எண்பது கிலோமீட்டர் போனேன்.

எண்ணூர் தாண்டியதும் ஒரு பக்கம் கழிமுகத் தண்ணீர், இன்னொரு பக்கம் புகைபோக்கிகள். மீஞ்சூரில் பாதிக் கூட்டம் இறங்க, எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. எதிரே நீலக் கம்பெனிக் கோட்டு போட்ட ஒரு பெண் டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நாஷ்டா துன்னுக்கினு வந்தியாக்கா?" என்று கேட்டாள். ஆச்சு என்றேன். எங்கே போகிறேன் என்று கேட்டாள், சொன்னேன்.

"அந்த லேடீஸ் கேன்டீனா? எங்க நாத்தனா அங்க ரெண்டு மாசம் இருந்துச்சு. இப்ப தனியா டைலர் கடை வச்சிக்கினு கீது. யாரையும் மதிக்கிறது இல்ல." அதைப் பெருமையாகச் சொன்னாளா குறையாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. "நீங்களும் போய்ச் சேரப் போறீங்களா?"

"எனக்கு இன்னா கேடு? நான் என் தங்கச்சிய இட்டுக்கினு வரப் போறேன்" என்றேன்.

அவள் ஒரு இட்லியை விழுங்கிவிட்டு, "வருமா?" என்றாள். பொன்னேரி வந்தது. அதன்பிறகு நான் அவளோடு பேசவில்லை.

காலை 9.30, கும்மிடிப்பூண்டி. ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ. எளாவூர் போகிற பக்கம் ஆறு கிலோமீட்டருக்கு இருபது ரூபாய். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கிருப்பவர்கள் கேட்டுக்கொண்டார்கள். தேடிக்கொண்டு வரும் புருஷன்மார்கள் இருக்கிறார்களாம். சிப்காட் வழியாகத்தான் ஆட்டோ போனது. கம்பி ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன, ரோட்டோரச் செடிகளெல்லாம் துருவின் நிறத்தில் இருந்தன. இறங்கிய இடத்திலிருந்து ஒரு மதில் சுவரை ஒட்டி ஒரு கிலோமீட்டர் மண் ரோட்டில் நடை.

மந்திர வீடு என்றால் நான் ஒரு தோப்பையாவது எதிர்பார்த்தேன். அது மூடிப்போன ஒரு கம்பெனியின் கேன்டீன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நீள நீளமான சிமென்ட் மேஜைகள், இருபது பேருக்குப் பாய். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் தொழிலாளிகள் கார்டு செருகி நேரம் பதிக்கிற பழைய பஞ்சிங் கடிகாரம், அதன் அருகே பெயர் எழுதிய அட்டைகள். இதற்கா இத்தனை பேச்சு என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"வாங்கக்கா, நீங்கதான எஸ்தர் அக்கா?" என்று வந்தவள் பத்மா. அந்த வீட்டை நடத்துகிறவள். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், முன்பு ஏதோ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஆரம்பாக்கத்துக்காரி, பேச்சில் தெலுங்கு வாடை. தங்குவதற்கு டப்பு ஏதும் கேட்பதில்லை, சாப்பாட்டுக்கு முடிந்ததை உண்டியலில் போட்டால் போதும் என்றாள். ஐம்பது ரூபாய் போட்டேன்.

ரோசி பின்பக்கமிருந்து வந்தாள். தலையை அவளே வாரியிருந்தாள். வகிடு கோணல். அதைச் சரிசெய்யக் கையை நீட்டினேன், அவள் சிரித்துக்கொண்டே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் போர்க்லிஃப்ட் ஓட்டக் கத்துக்கினு கீறேன், தெரியுமா? பக்கத்து குடோன் யார்டுல சரக்கு தூக்குற வண்டி. லைசென்ஸ் வந்தா அங்கியே வேல தரேன்னு சொல்லிக்கீறாங்க."

ஒரே மூச்சில் அவள் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டது எப்போது? அவள் தோளில் கைபோட்டபடி நின்றிருந்தாள் மல்லிகா என்பவள். பொன்னேரிப் பக்கம் நெல் பயிரிடுகிற குடும்பம். அண்ணன்மார்கள் பங்கு கொடுக்காமல் துரத்திவிட்டதால் வந்தவள். ஏறக்குறைய என் வயதுதான். அன்று போனில் ரோசியைச் சிரிக்க வைத்த குரல் இவளுடையதுதான் என்று அவள் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்து அப்பால் போட வேண்டும்போல் இருந்தது.

மதியம் 2 மணி. அந்த வீட்டின் விஷயம் இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கம்பெனிகள் மாதிரியே அங்கேயும் மூன்று ஷிப்ட். காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி பத்து. மணி ஆனதும் பெண்கள் மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். ஒருத்தி தன் துக்கத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னாள். மற்றவள் "எடுத்துக்கினேன்" என்றாள். கார்டைக் கடிகாரத்தில் செருகினாள், டங் என்று முத்திரை விழுந்தது. அவ்வளவுதான். ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த ஒரு பெண் காலையிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். முத்திரை விழுந்த கையோடு எழுந்து தட்டை எடுத்துக்கொண்டுபோய் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றச் சொன்னாள். எதிரே எடுத்துக்கொண்டவளோ துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எடுத்துக்கொண்டவள் ரோசி.

என் முன்னால் ஐந்து வருடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், பெயர் தெரியாத ஒருத்திக்காக அரை மணி நேரம் அழுதாள். நான் தொட்டுத் தேற்றப் போனேன். பத்மா என் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனாள்.

"கம்பெனில ரிலீவர் வராம மெஷின விட்டு எறங்க முடியுமாக்கா? துக்கமும் அப்படித்தான். எட்டு மணி நேரம் இன்னொருத்தி ஓட்டிட்டுத் திருப்பிக் குடுத்தா, கொஞ்சம் தேஞ்சி வருது. எப்படின்னு கேக்காதீங்க. எனக்கும் தெரியாது. அந்தக் கடிகாரத்துலதான் என்னவோ கீது."

"ரோசியோடத யார் எடுக்குறா?"

"மல்லிகாக்கா. டெய்லி காலைல ஆறுலேர்ந்து ரெண்டு வரைக்கும்."

"இனிமே நான் எடுத்துக்கிறேன். நான் அவ கூடப் பொறந்தவ."

"சொந்தக்காரங்க எடுத்துக்கக் கூடாது. இங்க அது ஒண்ணுதான் ரூல்ஸ்."

"ஏன்?"

"திருப்பிக் குடுக்க மாட்டாங்க." அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். "போன வருஷம் ஒரு அம்மா, பொண்ணோடத எடுத்துக்கினு ரெண்டு மணிக்குள்ள ஊட்டப் பாத்துப் போயிட்டாங்க. அந்தப் பொண்ணு என்ன ஏதுன்னு தெரியாம அவங்க பின்னாலியே போயிடுச்சி. துக்கம் யார்கிட்ட கீதோ அங்கதான ஆள் இருக்க முடியும்? இன்னும் திரும்பி வரல."

நான் தலையாட்டினேன். ஆனால் அன்று முழுவதும் அந்த ஒரே விஷயம்தான் மனதில் ஓடியது. எடுத்துக்கொண்டு போய்விட்டால் பின்னாலேயே வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை 5.45. பத்மா காய்கறி வாங்க கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மல்லிகா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ஒரு நாள் என்ன எடுத்துக்கச் சொல்லிட்டா பத்மா" என்றேன். பொய் சொல்வதற்கு எனக்கு நாக்குக் கூசவில்லை. மல்லிகாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதுக்கா, உங்கள விட யாரு ஒசத்தியா ஓட்டப் போறாங்க!" என்று தன் கார்டையே எடுத்துக் கொடுத்தாள். இவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

ரோசி எதிரே உட்கார்ந்தாள். "சொந்தக்காரங்க கூடாதேக்கா" என்றாள். பத்மா சொல்லிவிட்டாள் என்றேன். நான் சொன்னால் அவள் நம்பிவிடுவாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"பாப்பாவ நான் ஒரு தபா கூடத் தூக்கல" என்றாள்.

"எடுத்துக்கினேன்" என்றேன். கார்டைச் செருகினேன்.

ஈரச் சாக்கு மூட்டையை நெஞ்சில் இறக்கிவைத்த மாதிரி வந்து விழுந்தது. பிள்ளை பெறாத என் மார்பு பால் கட்டிக்கொண்டு வலித்தது. எதிரே ரோசி எழுந்து, சோம்பல் முறித்து, மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு யார்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை லாரி வராது, அன்றுதான் பழகுவதற்கு இடம் கிடைக்கும்.

நான் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடமும் அவள் துக்கத்துக்குக் காரணம் அந்தப் புருஷன்தான் என்று நினைத்து அவனைத் தினமும் சபித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் அவனைக் காணவே காணோம். ஒரு வெள்ளைத் துணிச் சுருள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போகிற நர்ஸின் முதுகு இருந்தது. அப்புறம் ஒரு குரல். நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. "எட்டாம் மாசம்ங்க. பொறந்ததே பொணம். இவளுக்கு நான்தான் எல்லாம். நான் இல்லன்னா என்னிக்கோ போயிருப்பா." பக்கத்து வீட்டுக்காரியிடம், பால்காரரிடம், சர்ச்சிலிருந்து பார்க்க வருகிறவர்களிடம், கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம்கூட. ரோசி அறைக்குள் படுத்துக்கொண்டு அத்தனையையும் கேட்டிருக்கிறாள். அது என் குரல்.

எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். முதலில் வந்தது ஆத்திரம்தான். நான் வாரிய தலை அதில் இல்லை. ஊட்டிய சோறு இல்லை. காய்ச்சலில் கண்விழித்த ராத்திரிகள் ஒன்றுகூட இல்லை. என் வாய் மட்டும் இருக்கிறது. இத்தனை செய்ததற்கு இதுதானா கூலி? இவளை இங்கே விட்டுவிட்டுப் போனால், இவள் சம்பாதித்து, சிரித்து, மல்லிகாவின் தோளில் சாய்ந்துகொண்டு இருப்பாள். நான் செவ்வாப்பேட்டையில் ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டும்.

மதியம் 12.40. பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், மதில் சுவரை ஒட்டிய மண் ரோட்டில் நடந்தேன். பாதி தூரம் வந்திருப்பேன். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ரோசி வந்துகொண்டிருந்தாள்.

"நானும் வரேன்க்கா" என்றாள்.

"எதுக்கு?"

"தெரில. ஓட்டிக்கினு இருந்தேன், அப்படியே நிறுத்திட்டு எறங்கிட்டேன்."

முகத்தைப் பார்த்தேன். துக்கம் இல்லை, அது என்னிடம் இருந்தது. வேறு எதுவும் இல்லை. ஐந்து வருடமாக நான் தலை வாரிவிட்ட அதே முகம்தான். ஹெல்மெட்டைக் கழற்றி, கோணல் வகிட்டைச் சரிசெய்து, திரும்ப மாட்டிவிட்டேன், பேசாமல் தலையைக் கொடுத்தாள். எனக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது, மறைத்து என்ன ஆகப்போகிறது?

மெயின் ரோட்டுக்கு வந்தோம். ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. "ரெண்டு பேரா? ஏறு ஏறு" என்றார் டிரைவர். ரோசி முதலில் ஏறி ஓரமாக உட்கார்ந்தாள். யார்டிலிருந்து மண் ரோட்டில் ஓடிவந்த யாரோ "ரோசீ, வண்டி நடு யார்டுல நிக்குதும்மா!" என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். நேற்றுக் காலை போர்க்லிஃப்ட் என்று கண்ணை விரித்துச் சொன்னவள். இவளைக் கொண்டுபோய் வீட்டில் வைத்துக்கொண்டு நான் யாரிடம் பேசுவது? மறுபடி பால்காரரிடமா?

"எறங்குடி" என்றேன்.

"ஏன்க்கா?"

"எறங்கு." கையைப் பிடித்து இழுத்தேன். ரோட்டோரத்தில் நிறுத்தினேன். கார்டு இல்லை, கடிகாரம் இல்லை, இங்கே நடக்குமா என்று தெரியாது. "இது உன்னுது. பாப்பாவும் உன்னுது. நான் எடுத்துக்கினு போகக் கூடாது. வாங்கிக்கோ."

கொடுக்க வரவில்லை. வாய் சொல்லிவிட்டது, நெஞ்சு இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அப்போதும் என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? இதையும் மல்லிகாதானே தினமும் தூக்கிக்கொண்டு திரியப்போகிறாள் என்பதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னேன். "வாங்கிக்கோ ரோசி."

"எடுத்துக்கினேன்" என்றாள்.

மார்பு வலி நின்றது. ரோசியின் முகம் கோணியது. என் முன்னால், முதல் தடவையாக, மூக்கு ஒழுக அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நடந்தது புரிந்துவிட்டது.

"உனக்கு அறிவு கீதாக்கா? பத்மா சொல்லவே இல்ல இல்ல? என்ன இட்டுக்கினு போலாம்னுதான வந்த?" அவள் கத்தினாள். ஐந்து வருடத்தில் என்னைத் திட்டியதே இல்லை. கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. "ஊர் பூரா சொல்லிச் சொல்லி என் கொழந்தைய நீ தெரு நியூஸா ஆக்கிட்ட. நான் ஒண்ணுமே சொல்லல இல்ல?"

"சொல்லல" என்றேன். "தப்புதான்."

ஹெல்மெட்டின் வாரை இறுக்கினாள். "போய்ச் சேந்துட்டுப் போன் பண்ணு" என்றாள். அழுதுகொண்டே மண் ரோட்டில் யார்டைப் பார்த்து வேகமாக நடந்தாள்.

"ஒரு ஆள்தானா? பேஜாரு பண்ணாத ஏறும்மா" என்றார் டிரைவர்.

மதியம் 1.50, கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பும் வண்டி. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கூட்டம் இல்லை. போகாதவர்களுக்குச் சொல்கிறேன், அந்த வீட்டில் பார்க்க எதுவும் இல்லை. என் வீட்டில் மின்விசிறி நன்றாகச் சுற்றும், தண்ணீர் உப்புக் கரிக்காது, சாம்பாரில் பருப்பு இருக்கும். எல்லாவற்றிலும் என் வீடுதான் ஒசத்தி. ஒரே ஒரு குறை, அங்கே போனவள் ஒருத்திகூட என் வீட்டுக்கு வர மாட்டாள். இதை எழுதும்போதும் எனக்குப் பொறாமைதான். போகும்போது எப்படி எரிந்ததோ அப்படியேதான் எரிகிறது. ஆனால் ரோசியின் துக்கம் என்று ஒன்றை இத்தனை நாள் மேலே போர்த்தி வைத்திருந்தேன். அதை எடுத்ததும் என்னுடையது வெட்டவெளியில் நின்றது. நாற்பத்தாறு வயது, பூட்டிய வீடு, கவனித்துக்கொள்ள யாரும் இல்லை.

மாலை 4.40, செவ்வாப்பேட்டை. வீட்டுக்கு வந்து ரோசிக்குப் போன் செய்தேன். யார்டில் இருப்பாள்போல, எடுக்கவில்லை. பத்மாவுக்குப் போட்டேன்.

"கார்டைப் பாத்தேன்க்கா" என்றாள். திட்டவில்லை. "திருப்பிக் குடுத்துட்டீங்களாமே. ரோசி சொல்லிச்சி. இங்க சொந்தக்காரங்க யாரும் இதுவரைக்கும் குடுத்தது இல்ல."

"காலி கார்டு இருக்குதா?" என்று கேட்டேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். லீவு போட்டு ஒரு வாரம் வரேன்."

"வாங்கக்கா. பேர் எழுதி வைக்கிறேன்."

"ஆனா ஒண்ணு. என்னோடத அந்த மல்லிகாகிட்ட மட்டும் குடுக்க மாட்டேன்."

"அதெல்லாம் நாம சொல்ல முடியாதுக்கா. யாரு காலியோ அவங்கதான். கார்ட உங்ககிட்ட குடுத்துட்டாங்கன்னு கோவம், காலை ஷிப்ட்டுக்கு ரோசி வேற ஆள் கேட்டிருக்கு. அதனால இப்போதிக்கு மல்லிகாக்காதான் காலி."

அப்படியானால் வேண்டாம் என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.